இந்தக் கப்பலை யாருக்காகச் செய்தார்கள்?

கடல்சார் அருங்காட்சியகங்களில் கப்பல் மாதிரிகள் இருக்கும் அரங்கில் கூட்டம் அதிகம் நிற்பதில்லை. "அடேயப்பா, எவ்வளவு பொடி வேலை!" என்று வியந்துவிட்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். பக்கத்துச் சுவரில் தொங்கும் கடல் ஓவியங்களுக்கு அதைவிடக் குறைவான மரியாதைதான். எல்லாம் ஒரே மாதிரிப் புகை, ஒரே மாதிரி அலை, ஒரே மாதிரிப் பாய் என்று தோன்றும். எனக்கு மரவேலையில் கொஞ்சம் கிறுக்கு உண்டு என்பதால் இந்த அரங்குகளில் அதிகம் நின்றிருக்கிறேன். நின்று நின்று பழகியதில் ஒரு விஷயம் பிடிபட்டது. மாதிரியோ ஓவியமோ, அதன் முன்னால் போனதும் முதலில் கேட்க வேண்டியது "இது எந்தக் கப்பல்" என்பதைவிட, "இதை யாருக்காகச் செய்தார்கள்" என்பதுதான். காசு கொடுத்தவர் யார் என்று தெரிந்துவிட்டால், அதில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பது பாதி விளங்கிவிடும்.

லண்டன் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலிருந்தே தொடங்குகிறேன். 'நேவி போர்டு மாதிரி' (நேவி போர்டு என்பது கப்பல் கட்டுவதைக் கவனித்த கடற்படை நிர்வாகக் குழு) என்று சொல்லப்படும் வகை அங்கே ஏராளம். 1650களிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஆங்கிலேயக் கடற்படைக் கப்பல்களுக்காகச் செய்யப்பட்டவை. பேரி மரம், பாக்ஸ்வுட் போன்ற நெருக்கமான இழை கொண்ட மரங்களில் செதுக்கியிருப்பார்கள். பார்த்தவுடன் கண்ணில் படுவது, நீர்மட்டத்துக்குக் கீழே பலகை போர்த்தாமல் விட்டிருப்பது. விலாச்சட்டங்கள் வரிசையாகத் தெரியும். பலவற்றில் பாய்மரமே இருக்காது. ஏதோ பாதியில் நிறுத்திய வேலை போலத் தோன்றும். ஆனால் மேலே பின்புறத்தைப் பாருங்கள்: சிங்கம், தேவதை, மாலை, அரசச் சின்னம் என்று விரல் நகத்தளவு இடத்தில்கூட செதுக்கல் இருக்கும். பாதியில் நிறுத்துகிறவன் இப்படிச் செதுக்க மாட்டான்.

அப்படியானால் விலாச்சட்டம் ஏன் வெளியே தெரிய வேண்டும்? கப்பலின் உடல் வளைவைக் காட்டத்தான். சட்டங்களின் வரிசையில் அதன் நேர்த்தி கண்ணுக்கு எளிதில் தெரியும். ஆனால் அந்தச் சட்டங்கள் உண்மைக் கப்பலில் இருந்தபடி இல்லை. நிஜப் போர்க்கப்பலில் ஓக் மரச் சட்டங்கள் மிக நெருக்கமாக, ஏறக்குறைய ஒரு சுவர் போலவே நிற்கும். மாதிரியில் இருப்பது அழகுக்காக எளிமையாக்கிய ஒரு மரபு. இதை வைத்துக்கொண்டு "அந்தக் காலத்தில் இவ்வளவு இடைவெளி விட்டுத்தான் கட்டினார்கள்" என்று சொல்லிவிடக்கூடாது. கப்பல் தெரியாத பெரிய மனிதர்களுக்கும் கப்பல் புரிய வேண்டும், பார்க்கவும் கம்பீரமாக இருக்க வேண்டும் என்ற இரண்டு தேவைக்கும் நடுவில் பிறந்தவை இவை. சாமுவேல் பெப்பிஸ் கடற்படை நிர்வாகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குக் கப்பலைப் பற்றி ஒன்றும் தெரியாது. 1662இல், அனுபவமுள்ள ஒரு மாலுமியை வைத்துக்கொண்டு, அலுவலகத்தில் இருந்த ஒரு மாதிரியைக் காட்டிக்காட்டித்தான் பாகங்களின் பெயர்களைக் கற்றுக்கொண்டார் என்று அவருடைய நாட்குறிப்பில் இருக்கிறது. நாமும் அதே இடத்தில் நின்று அதே வேலையைச் செய்யலாம், செலவில்லாமல்.

பார்க்கும் முறைக்கு வருகிறேன். நின்றபடி பார்த்தால் மேல்தளம் மட்டும்தான் தெரியும், அது ஹெலிகாப்டரிலிருந்து பார்ப்பது போல. முழங்காலை மடக்கி, கண் நீர்மட்டத்துக்கு வரும்படி குனியுங்கள். இப்போது கப்பல் உங்களுக்கு மேலே எழும்பும், ஒரு சின்னப் படகில் அதன் பக்கத்தில் போகிறவனின் பார்வை கிடைக்கும். அப்புறம் பீரங்கித் துளை ஒன்றின் நேரே கண்ணை வைத்து உள்ளே பாருங்கள். எதிர்ப்பக்கத் துளை வழியாக வெளிச்சம் வந்தால் உள்தளம் தெரியும்: குறுக்கு உத்தரங்கள், அவற்றைச் சுவரோடு பிடித்திருக்கும் முழங்கால் வடிவ முட்டுகள், சில மாதிரிகளில் அறைக் கதவுகள்கூட. வெளியிலிருந்து யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் அந்த ஆள் உள்ளே இழைத்திருக்கிறான். இப்போதெல்லாம் பராமரிப்பு வல்லுநர்கள் மருத்துவர்கள் பயன்படுத்துவதைப் போன்ற எண்டோஸ்கோப் கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கிறார்கள். நமக்குத் துளையும் பொறுமையும் போதும்.

இன்னொன்று, அளவு. ஒருமுறை அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இதுல ஆள் எங்க நிப்பாங்க?" என்றாள். சரியான கேள்வி. நேவி போர்டு மாதிரிகளில் பெரும்பாலானவை 1:48 என்ற விகிதத்தில் இருக்கும். ஓர் அடிக்குக் கால் அங்குலம். ஐந்தரை அடி மனிதன் அதில் மூன்றரை சென்டிமீட்டர். நுழைவுச்சீட்டின் ஓரத்தைக் கிழித்து அந்த உயரத்துக்கு ஒரு காகித ஆளைச் செய்து, கண்ணாடிக்கு வெளியே பீரங்கித் துளைக்கு நேராகப் பிடித்தோம். அவள் வாயைத் திறந்தபடி நின்றாள். உண்மையைச் சொன்னால் நானும்தான். தளத்துக்கும் கூரைக்கும் நடுவில் அந்தக் காகித ஆள் தலையைக் குனிய வேண்டியிருந்தது. ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி கப்பலின் பீரங்கித் தள நீளம் 186 அடி. 1:48இல் அது நான்கு அடிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த நான்கு அடிக்குள் எண்ணூறு காகித ஆட்களை நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று கணக்குப் போடத் தொடங்கினால், அந்தக் காலக் கடற்படையைப் பற்றிப் பலகையில் எழுதியிருக்கும் எதுவும் தேவைப்படாது.

அதிலிருந்து எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் விகிதத்தைத்தான் முதலில் தேடுகிறேன். ஸ்டாக்ஹோமில் வாசா கப்பலின் மாதிரி 1:10. அங்கே காகித ஆள் பதினேழு சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 1628இல் முதல் பயணத்திலேயே மூழ்கி, 1961இல் மேலே எடுக்கப்பட்ட கப்பல் அது. நிஜக் கப்பலும் அதே கூடத்தில் நிற்பதால் மாதிரியையும் அதையும் மாறி மாறிப் பார்க்க முடியும். நிஜக் கப்பலின் மரம் கறுத்துப்போயிருக்கிறது. மாதிரியிலோ பின்புறச் சிற்பங்களுக்கெல்லாம் பளீர் என்ற வண்ணம். ஆய்வில் கிடைத்த வண்ணத் துகள்களை வைத்து அப்படிப் பூசியிருக்கிறார்கள். முதலில் பார்க்கும்போது கொஞ்சம் அதிகமாகத்தான் தோன்றும். ஆனால் எதிரியை மிரட்டவும் அண்டை நாட்டானுக்குக் காட்டவும் ஓர் அரசன் கட்டிய கப்பல் அடக்கமாக இருந்திருக்கும் என்று நாம் எதிர்பார்ப்பதுதான் வேடிக்கை.

பாய்மரமும் கயிறும் உள்ள மாதிரிகளிடம் ஓர் எச்சரிக்கை. உடல் 1700ஆம் ஆண்டுக்காரனாக இருக்கலாம், கயிறுகள் 1920களில் கட்டியவையாக இருக்கலாம். நூல் இற்றுப்போகும். எலியும் பூச்சியும் கடிக்கும். அதனால் பழைய மாதிரிகள் பலவற்றுக்கு 19, 20ஆம் நூற்றாண்டுகளில் புதிதாகக் கயிறு கட்டியிருக்கிறார்கள். அந்தந்தக் காலத்தின் அறிவும் ரசனையும் அதில் கலந்திருக்கும். விளக்கப் பலகையில் 'பிற்காலக் கயிறமைப்பு' என்பது போன்ற ஒரு சொல் சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் கயிற்றை வரைந்துகொண்டு வந்து மாதிரி செய்ய உட்காராதீர்கள்.

ஓவியங்களுக்குப் போவோம். இதில் தொடங்க வேண்டியது 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்களான வான் டி வெல்டே அப்பாவும் மகனும். இருவருக்கும் வில்லம் என்றே பெயர். அப்பா டச்சுக் கடற்படையோடு ஒரு சின்னப் படகில் போய், போர் நடக்கும்போதே காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டு வருவார். சில படங்களில் தானும் தன் படகும் தெரியும்படி வரைந்தும் வைத்திருக்கிறார், "நான் பார்த்தேன்" என்று கையெழுத்துப் போட்ட மாதிரி. 1672-73 குளிர்காலத்தில், இரண்டு நாடுகளும் போரில் இருந்தபோதே, அப்பாவும் மகனும் இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள். இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸ் 1674இல் ஆளுக்கு ஆண்டுக்கு நூறு பவுன் சம்பளம் நிர்ணயித்தார். அப்பாவுக்குக் கடற்போர்களை வரைந்துகொண்டு வரும் வேலை, மகனுக்கு அவற்றை வண்ணத்தில் தீட்டும் வேலை. கிரீனிச்சில் உள்ள ராணி மாளிகையில் அவர்களுக்கு வேலை செய்ய இடம் கொடுத்தார்கள். எதிரி நாட்டின் போர் ஓவியரையே சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளும் அரசனை என்னவென்று சொல்வது! ஆக, அதே கை முதலில் ஒரு தரப்பின் வெற்றியையும் பிறகு மறுதரப்பின் வெற்றியையும் வரைந்தது. கப்பலின் உடல், பின்புறச் சிற்பம், பீரங்கித் துளைகளின் எண்ணிக்கை போன்றவற்றில் இவர்களைத் தாராளமாக நம்பலாம். யார் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள் என்பதில் சம்பளம் கொடுத்தவரையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அப்பாவின் மை ஓவியங்களை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். வெள்ளைப் பூச்சு கொடுத்த பலகையிலோ துணியிலோ பேனாவால் கோடு கோடாக வரைந்தவை. தூரத்திலிருந்து அச்சடித்த படம் போலத் தெரியும். கிட்டப் போனால் ஒவ்வோர் அலையும் தனித்தனிக் கோடுகள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இவை இருக்கின்றன. அங்கேயே 1698இல் டச்சுத் துறைமுகமான வ்லிஸிங்கனில் செய்த 'வில்லியம் ரெக்ஸ்' என்ற பெரிய போர்க்கப்பல் மாதிரியும் இருக்கிறது. ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். 1667இல் டச்சுக்காரர்கள் இங்கிலாந்தின் மெட்வே ஆற்றுக்குள் புகுந்து பிடித்துக்கொண்டு போன ஆங்கிலேயக் கொடிக்கப்பல் (படைத்தலைவரின் கப்பல்) 'ராயல் சார்லஸ்' என்பதன் பின்புறச் சிற்பப் பலகையும் அதே அருங்காட்சியகத்தில்தான். சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் தாங்கிய இங்கிலாந்து அரசச் சின்னம். கப்பலைப் பின்னாளில் உடைக்க விற்றுவிட்டார்கள், இதை மட்டும் விடவில்லை. மாதிரியின் பின்புறம், ஓவியத்தில் உள்ள பின்புறம், நிஜப் பின்புறம் மூன்றையும் ஒரே நாளில் பார்க்கக் கிடைக்கும் இடம் எனக்குத் தெரிந்து இதுதான். நிஜப் பலகையின் முன் நின்ற பிறகுதான், மாதிரியில் நகத்தளவு இருக்கும் அந்தச் சிங்கம் உண்மையில் எவ்வளவு பெரிது என்பது உறைத்தது.

எந்தக் கடல் ஓவியத்தின் முன்னும் நான் முதலில் பார்ப்பது கொடியைத்தான். காற்றில்லாமல் பாய்மரக் கப்பல் போகாது. பின்னாலிருந்து காற்று தள்ளும்போது கொடி முன்பக்கம் நோக்கிப் பறக்கும். இயந்திரப் படகைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கொடி பின்பக்கம் பறப்பதுதான் இயல்பு. பிற்காலத்து நகல் ஓவியர்கள் பலர் பாயை முன்னோக்கிப் புடைக்கவிட்டு, கொடியைப் பின்னோக்கிப் பறக்கவிடுவார்கள். அதைப் பார்த்தவுடன் ஓவியர் கப்பலில் ஏறியவரில்லை என்று தெரிந்துகொள்ளலாம். புகையும் அலைநுரையும் அதே காற்றுக்குக் கட்டுப்பட வேண்டும்.

கொடி காலத்தையும் சொல்லும். ஆங்கிலேயக் கப்பலின் பின்கொடி மூலையில் வெறும் சிவப்புச் சிலுவை மட்டும் இருந்தால் 1707க்கு முந்தைய கொடி. ஸ்காட்லாந்தின் வெள்ளைக் குறுக்குக்கோடு சேர்ந்து, சிவப்புக் குறுக்குக்கோடு இல்லாமல் இருந்தால் 1707க்கும் 1800க்கும் இடையில். சிவப்புக் குறுக்குக்கோடும் இருந்தால் 1801க்குப் பின். கப்பல் சாய்ந்து அடிப்பகுதி தெரிகிறதா? வெள்ளையாக இருந்தால் பழையது, செம்புத் தகட்டு நிறம் இருந்தால் 1780ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ. கப்பற்புழு துளைக்காமல் இருக்கத்தான் ஆங்கிலேயக் கடற்படை அந்தச் சமயத்தில் கப்பல் கப்பலாகச் செம்பு போர்த்தியது. "1750இல் நடந்த நிகழ்ச்சி" என்று தலைப்புள்ள ஓவியத்தில் 1801ஆம் ஆண்டுக் கொடி பறந்தால், ஓவியம் பின்னாளில் யாருடைய நினைவுக்காகவோ வரையப்பட்டது என்று பொருள். அதுவும் ஒரு தகவல்தான்.

ஒரே ஓவியத்தில் ஒரே கப்பல் இரண்டு முறை, பக்கவாட்டில் ஒன்றும் பின்புறம் தெரிய ஒன்றுமாக, இருந்தால் குழம்ப வேண்டாம். கப்பலின் உருவப்படம் கேட்டு வாங்கியவருக்கு இரண்டு கோணமும் வேண்டும், அவ்வளவுதான். துறைமுகங்களில் கப்பல் தலைவர்களுக்கு வரைந்து விற்ற ஓவியர்களின் படங்களில் கடல் ஒரே வாய்பாட்டில் இருக்கும், கயிறுகள் மட்டும் அச்சு அசலாக இருக்கும். வாங்கப்போகிறவருக்கு ஒவ்வொரு கயிற்றின் பெயரும் தெரியும் என்பதால் அதில் கை வைக்க முடியாது.

இதற்கு நேர் எதிர் ஆங்கிலேய ஓவியர் டர்னர். 1839இல் அவர் காட்சிக்கு வைத்த 'டெமரேர்' லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. பழைய போர்க்கப்பலை உடைக்க இழுத்துச் செல்லும் காட்சி. நிஜத்தில் 1838இல் அதை இழுத்துச் சென்றபோது பாய்மரங்களை ஏற்கனவே கழற்றியிருந்தார்கள். இழுத்தவை இரண்டு படகுகள், ஓவியத்தில் ஒன்று. மேற்கு நோக்கிப் போக வேண்டிய கப்பல், மறையும் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறது. கிரீனிச்சில் உள்ள அவருடைய டிரபால்கர் ஓவியம் (1805இல் நெல்சனின் கடற்படை வென்ற போர்), அகலம் ஏறக்குறைய 3.7 மீட்டர், அரசர் நான்காம் ஜார்ஜ் கேட்டு வரைந்தது. அதில் நண்பகலுக்கு முன் ஏற்றிய சைகைக் கொடியும், ஒரு மணிவாக்கில் விழுந்த பாய்மரமும், மாலையில் எரிந்த கப்பலும், மறுநாள் மூழ்கிய கப்பலும் ஒரே நொடியில் நடக்கின்றன. கடற்படைக்காரர்களுக்கு அந்த ஓவியம் பிடிக்கவே இல்லை. 1829இல் அரண்மனையிலிருந்து அது கிரீனிச் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது. எனக்கென்னவோ கடற்படைக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, டர்னர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கப்பலைத் தெரிந்துகொள்ள அந்த ஓவியத்தின் முன் நிற்காதீர்கள். போர் முடிந்த பிறகு ஒரு நாடு அதை எப்படி நினைத்துப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள நில்லுங்கள். கீழ் ஓரத்தில் நீரில் தத்தளிக்கும் மனிதர்களைப் பார்க்காமல் நகராதீர்கள். அரசன் கேட்டது அதுவாக இருந்திருக்காது.

எலும்பு மாதிரிகளைச் சொல்லாமல் விடமுடியாது. 1793 முதல் 1815 வரை நீண்ட போர்களில் பிடிபட்ட பிரெஞ்சுக் கைதிகளை இங்கிலாந்தில் நார்மன் கிராஸ் போன்ற முகாம்களில் அடைத்து வைத்திருந்தார்கள். உணவில் வந்த மாட்டு, ஆட்டு எலும்புகளைச் சுத்தம் செய்து, சீவி, கப்பல் செய்து, முகாம் வாசல் சந்தையில் விற்றார்கள். பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் அந்தக் கைவேலைகளின் பெரிய சேகரிப்பு இருக்கிறது. கிட்டப் போய்ப் பாருங்கள்: பலகை என்று நினைத்தது மெல்லிய எலும்புச் சீவல், அதில் ஊசிமுனை அளவு பித்தளை ஆணிகள், கயிறுகள் சிலவற்றில் மனிதத் தலைமுடி. பின்னால் தொங்கும் நூலை இழுத்தால் பீரங்கிகள் எல்லாம் ஒரே சமயத்தில் உள்ளே போய், விட்டால் வெளியே வரும் ஏற்பாடும் பலவற்றில் உண்டு. விகிதம் சரியாக இருக்காது, பாய்மரம் உயரமாக இருக்கும், சிற்பம் கூடுதலாக இருக்கும். வரைபடம் இல்லை, நினைவிலிருந்து செய்தது, சந்தையில் விலை போக வேண்டும். கப்பல் வரலாற்றுக்கு இவை சாட்சி ஆகாது. கைதியின் நாட்கள் எப்படிக் கழிந்தன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

நடைமுறைக்குச் சில விஷயங்கள். அரங்கில் வெளிச்சம் மங்கலாக இருப்பதைக் குறை சொல்லாதீர்கள். பாய்த் துணி, நூல், காகிதம் போன்றவற்றுக்கு வெளிச்சத்தை ஐம்பது லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவோடு நிறுத்துவது வழக்கம். உள்ளே போனதும் சில நிமிடம் சும்மா நின்றால் கண் பழகிவிடும். படம் எடுக்க வேண்டுமானால் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள், கண்ணாடியில் நீங்கள் தெரிய மாட்டீர்கள். லென்ஸைக் கண்ணாடிக்கு மிக அருகில், ஆனால் ஒட்டாமல் பிடியுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். பென்சிலும் சின்ன நோட்டும் படத்தைவிட உதவும். பின்புறத்தில் ஒரு சன்னலையும் அதைச் சுற்றிய செதுக்கலையும் மட்டும் வரையப் பாருங்கள். முழுக் கப்பலை வரையப் போனால் கயிற்றில் மாட்டிக்கொள்வீர்கள்.

போவதற்கு முன்னும் வந்த பின்னும் இணையத் தொகுப்பைப் பாருங்கள். கிரீனிச்சில் மாதிரிகளின் எண் 'எஸ்.எல்.ஆர்.' (SLR) என்றும், எண்ணெய் ஓவியங்களின் எண் 'பி.எச்.சி.' (BHC) என்றும் தொடங்கும். பலகையில் உள்ள அந்த எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும், வீட்டில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்க்கலாம், அதே கப்பலின் வேறு ஓவியம் இருக்கிறதா என்றும் தேடலாம். காட்சியில் இருப்பது சேகரிப்பின் சிறு பகுதிதான். கிரீனிச் மாதிரிகளில் பெரும்பகுதி சாத்தம் கப்பல் தளத்தின் சேமிப்பகத்தில் இருக்கிறது. குறிப்பிட்ட கப்பலை ஆராய்கிறீர்கள் என்றால் முன்கூட்டி எழுதிக் கேளுங்கள். காரணத்தைத் தெளிவாகச் சொல்லிக் கேட்பவர்களுக்கு அருங்காட்சியகக்காரர்கள் பொதுவாக உதவுகிறவர்கள்.

பழைய ஓவியத்தில் கடல் பச்சையாகவோ பழுப்பாகவோ தெரிந்தால் ஓவியரைக் குறை சொல்லும் முன் வார்னிஷை நினைத்துக்கொள்ளுங்கள். மஞ்சளான வார்னிஷுக்குக் கீழே நீலம் பச்சையாகத்தான் தெரியும். 17ஆம் நூற்றாண்டில் ஸ்மால்ட் என்ற நீலக் கண்ணாடித் தூளைப் பயன்படுத்தினார்கள். எண்ணெயில் கலந்த அது காலப்போக்கில் சாம்பல் நிறமாகிவிடும். நாம் 'சோகமான வானம்' என்று ரசித்துக்கொண்டிருப்பது ஒரு காலத்தில் நல்ல நீல வானமாக இருந்திருக்கலாம்.

வீட்டில் தாத்தா காலத்துக் கப்பல் மாதிரி ஏதாவது இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். நங்கூரம், பீரங்கி போன்ற சின்ன உலோகப் பாகங்களில் வெள்ளைத் தூள் படிந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது வெறும் தூசி இல்லாமல், ஈயம் அரிக்கப்படுவதாக இருக்கலாம். ஓக் போன்ற மரப் பெட்டிகளிலிருந்தும் சில பசைகளிலிருந்தும் வெளிவரும் அமில ஆவிதான் காரணம். காற்றோட்டமில்லாத அழகான மரப்பெட்டியில் பத்திரமாகப் பூட்டி வைத்த மாதிரிதான் இதில் முதலில் கெடும். தூளை ஊதாதீர்கள், வெறுங்கையால் துடைக்காதீர்கள், அது நச்சு. மாதிரியைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, வெயில் படாத, ஈரம் ஏறி இறங்காத இடத்தில் வைத்துவிட்டு, பாகங்களைப் படமெடுத்து ஒரு பராமரிப்பு வல்லுநருக்கு அனுப்புங்கள். புதுக் கயிறு கட்டுவதும் புது வண்ணம் பூசுவதும் அவர் பார்த்த பிறகு யோசிக்க வேண்டிய வேலை.